பாலை மரக் குற்றியில் நின்றுபோகும் 365 செயின்சோ: 52 மில்லிமீற்றர் கிட் போடலாமா?

நெடுங்கேணியான்

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய ஹஸ்க்வார்னா 365 செயின்சோ. போன ஐப்பசியில் அதன் சிலிண்டரையும் பிஸ்டனையும் கழற்றிவிட்டு, அதே கம்பனியின் 372க்குப் போடும் 50 மில்லிமீற்றர் சிலிண்டர்-பிஸ்டன் கிட் ஒன்றைப் பூட்டினேன். கம்பனி உதிரிப்பாகம் இல்லை, இணையத்தில் எடுத்தது. சைலன்சரிலும் இன்னொரு துளை போட்டு வாயைப் பெரிதாக்கினேன். முதல் இரண்டு மாதம் சொல்லி வேலை இல்லை. தேக்கும் வேம்பும் வாழைத்தண்டு போல அறுந்தன. அந்தச் சந்தோசத்தில் செயின் சுற்றி ஓடும் 18 அங்குல பாரைக் கழற்றி 24 அங்குலம் போட்டேன்.

இப்போது மூன்று கரைச்சல். காலையில் இரண்டு இழுவையில் ஸ்டார்ட் ஆகிறது, சூடேறிய பிறகு நிறுத்தினால் பத்து இழுவை வேண்டும். அக்சிலேற்றரைத் தொடாமல் ஐடிலில் விட்டால் சுற்று தானாக ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. போன கிழமை அனுமதி எடுத்து வெட்டிய ஒரு பட்ட பாலையில், பார் பாதி ஆழம் போனதும் செயின் அப்படியே நின்றுவிட்டது. பவர் போதவில்லை என்று நினைக்கிறேன். 52 கிட் போட்டால் 76 சிசி வரும் என்கிறார்கள். போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


மாங்குளம் கராஜ்

தம்பி, 52 கிட்டை விடுங்கள். முதலில் அந்த மெசினை இன்றைக்கே நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது பவர் குறைவு இல்லை, காற்று ஒழுக்கு. ஐடில் தானாக ஏறி இறங்கினால் காபரேற்றரைத் தாண்டி எங்கோ காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். போகிற காற்றுக்கு ஏற்ற பெற்றோல் வராது. டூ-ஸ்ட்ரோக்கில் ஒயிலும் பெற்றோலோடுதான் வருகிறது. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும், சூடு கூடும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடிக்கும். என் கராஜுக்கு "பிடித்துப்போச்சு" என்று வரும் மெசின்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். உடைமையாளர் ஐடில் திருகைத் திருகித் திருகி ஏமாந்திருப்பார்.

ஒரு கேள்வி. உங்களுடையது எந்த 365? பழையது 48 மில்லிமீற்றர் சிலிண்டர், 65.1 சிசி. அதில் 372இன் 50 மில்லிமீற்றர் சிலிண்டரைப் பூட்டினால் 70.7 சிசி வரும், கிராங்க் கேஸ் ஒன்றுதான். ஆனால் பிறகு வந்த எக்ஸ்-டோர்க் 365 ஏற்கெனவே 70.7 சிசி. அதைப் பெற்றோலும் காற்றும் சிலிண்டருக்குள் ஏறும் பக்க வாசல்களில்தான் அடக்கி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் பழைய மாதிரிக் கிட்டை வாங்கிவந்து பொருந்தவில்லை என்று முழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.


நெடுங்கேணியான்

பழையதுதான் அண்ணை, 48 இருந்தது. சரி, நிறுத்திவிட்டேன். ஒழுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே அதற்கான கருவி யாரிடமும் இல்லை.


மாங்குளம் கராஜ்

கருவிக்குக் கொழும்பு போகத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கிற கருவி தெரியும்தானே, கையில் சுற்றுகிற பை, ஊதுகிற றபர் பந்து, மானி. பழைய கருவி ஒன்றிலிருந்து பந்தையும் மானியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மானி 300 மில்லிமீற்றர் பாதரசம் வரை காட்டும். அது 6 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் குறைவு, நமக்கு அது போதும்.

சைலன்சரைக் கழற்றி, புகை வாசலுக்கும் சைலன்சருக்கும் நடுவில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்குங்கள். காபரேற்றர் பக்கத்தையும் அதேபோல ஒரு றபர் துண்டால் அடைத்து, அதில் ஒரு சின்னக் குழாயைச் செருகிப் பந்தைப் பூட்டுங்கள். பிளக் இறுக்கமாக இருக்க வேண்டும். 300 வரை ஊதிவிட்டு மானியைப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் சவர்க்கார நுரையை எடுத்து ஒவ்வொரு இடமாகப் பூசுங்கள்: சிலிண்டரின் அடி, இன்டேக் றபர், அதன் கிளாம்ப், பிளக்கின் அடி, கிராங்க் இரண்டு பக்கத்துச் சீல். குமிழி வருகிற இடம்தான் ஒழுக்கு.

இத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஊதும்போது நன்றாக இருக்கிற சீல், உறிஞ்சும்போது விடும். ஆகவே பெரிய ஊசிச் சிரிஞ்சு ஒன்றால் உறிஞ்சியும் பாருங்கள். கிராங்கை மெல்லச் சுற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு நிலையில் பிடிக்கிற சீல் இன்னொரு நிலையில் விடும்.

கிளச் பக்கத்துச் சீலைப் பார்க்கக் கிளச்சைக் கழற்ற வேண்டும். அது இடது மரை. வழமைக்கு எதிராகச் சுற்றினால்தான் கழலும். கழற்றும்போது பிஸ்டனை நிறுத்தப் பிளக் ஓட்டைக்குள் இரும்பு எதையும் விடாதீர்கள், கயிறுதான். அதுவும் பிஸ்டன் மேலேறி வந்து புகை வாசலை மூடிய பிறகு விடுங்கள். இல்லாவிட்டால் கயிறு வாசலுக்குள் போய் நறுக்குப்படும்.


மல்லாவி மரக்காலை

இயந்திரத்தைப் பற்றி மாங்குளத்து அண்ணை சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செயின் நின்றது என்று தம்பி சொன்ன இடத்தில் நான் கேட்க நினைத்தது வேறு: பாலையில் இறங்க முன் பல்லைத் தீட்டினீர்களா? என்ன செயின்?

பாலை மற்ற மரம் மாதிரி இல்லை. தண்ணீரில் போட்டால் தாழும். பட்டுப்போய் நாலைந்து வருடம் வெயில் குடித்த பாலை என்றால் இன்னும் மோசம், இரண்டு அறுவையில் பல்லின் முனை மழுங்கிவிடும். முதிரையும் வீரையும் அப்படித்தான். இதற்கெல்லாம் கூர் முனைப் பல்லுள்ள செயின் சரிவராது. முனை கொஞ்சம் உருண்ட, அரைக் கூர்ச் செயின்தான் வேண்டும். கூர் முனை வேகமாக வெட்டும், உண்மை. ஆனால் அந்த முனை போனதும் முழுப் பல்லும் போனதாகத்தான் கணக்கு. உருண்ட முனை மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நிற்கும்.

பலர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. வெட்டு மெதுவாகிவிட்டது என்று பல்லுக்கு முன்னால் இருக்கும் ஆழக்கட்டையை அரத்தால் தாறுமாறாக இறக்கிவிடுவார்கள். மூன்றெட்டு (3/8 அங்குல) அளவுச் செயினில் அந்த இடைவெளி 0.65 மில்லிமீற்றர். வேம்பில் அதை இன்னும் இறக்கினால் பெரிய சீவல் வரும், சந்தோசமாக இருக்கும். பாலையில் அதே செயின் பல்லைக் கொண்டுபோய் மரத்தில் கொழுவி நின்றுவிடும். நீங்கள் சொன்ன "நின்றுவிட்டது" இப்படியும் இருக்கலாம். பாலைக்கு என்று ஒரு செயினை ஒதுக்கி, ஆழக்கட்டையில் கை வைக்காமல், பல்லை 30 பாகைக்குப் பதிலாக 25 பாகையில் தீட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, மரம் எங்கே நின்றது?


நெடுங்கேணியான்

கூர் முனைச் செயின்தான். ஆழக்கட்டையையும் இறக்கியிருக்கிறேன், எவ்வளவு என்று அளக்கவில்லை. மரம் ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம், உறவினர் ஒருவரின் காணி. ஏன் கேட்கிறீர்கள்?


மல்லாவி மரக்காலை

சன்னத்துக்காகக் கேட்டேன். எங்களுடைய மரக்காலையில் குற்றி இறக்க வரும் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, ஆனந்தபுரம், முள்ளிவாய்க்கால் பக்கத்து மரம் என்றால் வாளில் ஏற்ற முன் ஒன்றுக்கு மூன்று தடவை பார்ப்போம். 2009 போரில் அந்த மண்ணில் விழுந்த எறிகணைச் செல்லின் துண்டுகள் மரத்துக்குள்தான் இருக்கின்றன. மரம் அதன் மேல் சதை வைத்து வளர்ந்து மூடிவிட்டது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்த மண்ணின் மரங்களும் காயம்பட்டவைதான், அதை நினைத்துக்கொண்டு மெதுவாகக் கை வைப்பது நல்லது.

அடையாளங்கள் சில சொல்கிறேன். பட்டையில் வடு, காரணமில்லாத முண்டு, ஒரு பக்கம் மட்டும் உளுத்த பொந்து. அறுத்த முகத்தில் கருநீலக் கறை கண்டால் உடனே நிறுத்துங்கள். இரும்பு மரத்தின் சாறோடு சேர்ந்து அப்படிக் கறுக்கும், அந்தக் கறை பெரும்பாலும் நார் வழியே மேலும் கீழும் ஓடும். சந்தேகமான இடத்தில் கோடாரியால் பட்டையைச் செதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மெசின். முதல் அறுவைக்குப் பழைய செயின் போடுங்கள். வேகம் கூட்டிய மெசின் என்றால் இது இரட்டிப்பு முக்கியம். நிமிடத்துக்கு 13,000 சுற்றில் மெசின் ஓட்டுகிற செயின் செல் துண்டில் பட்டால் அறுந்து வருவதற்குக் கண் சிமிட்டும் நேரமும் ஆகாது.

துண்டு வேறு, வெடிக்காமல் இருக்கிற முழுப் பொருள் வேறு. அப்படி ஏதாவது மரத்திலோ அடியிலோ கண்டால் தொடவே வேண்டாம், பொலிஸுக்குச் சொல்லுங்கள். கண்ணிவெடிப் பலகை நட்ட காணிக்குள் விறகுக்குக்கூடப் போக வேண்டாம்.


வவுனியா 070

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். பாலை அரிய வேண்டுமா, ஸ்டில் 070 எடுங்கள். 105 சிசி. கிட்டும் வேண்டாம், சைலன்சர் வெட்டவும் வேண்டாம். மெதுவாகச் சுற்றும், ஆனால் நிற்காது. நான் பதினைந்து வருடமாக ஒரே மெசினில் நூல் அடித்துப் பலகை, தீராந்தி எல்லாம் அரிகிறேன். சின்ன மெசினைப் பெரிதாக்குவதை விடப் பெரிய மெசினைச் சும்மா ஓட்டுவது மேல்.


மாங்குளம் கராஜ்

கடைசி வசனத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை இந்தத் தம்பிக்குச் சொல்ல மாட்டேன். 070இல் செயின் பிரேக் இல்லை, அதிர்வு தாங்கும் றபரும் இல்லை. கீழே கிடக்கும் குற்றியை நீளவாக்கில் பலகை அரிய அது நல்ல மெசின். நிற்கிற மரத்தில், கிளைக்குள் நுழைந்து வேலை செய்ய அதை எடுத்துப் போகிறவர்களை நான் மறிப்பேன். பாரின் மேல் நுனி எதிலாவது பட்டு மெசின் நெற்றியை நோக்கித் திரும்பினால் 365 பிரேக்கை விழுத்தும், 070 விழுத்தாது. நாலு மணித்தியாலம் பிடித்த பிறகு கை விறைக்கிறதே, அது சும்மா களைப்பு இல்லை. வருடக் கணக்கில் போனால் விரல் வெளிறி உணர்வு போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 070 என்ற பெயரில் இப்போது கிடைப்பவற்றில் அச்சு அசலாகச் செய்த போலிகள் நிறைய. அவற்றின் கிராங்கையும் பேரிங்கையும் நம்பி வேலைக்குப் போக முடியாது.


வவுனியா 070

பிரேக் பற்றிச் சொன்னது சரி. நான் நிற்கிற மரத்துக்கு வேறு மெசின்தான் பாவிக்கிறேன், அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. பலகை அரிபவர்களுக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: நீளவாக்கில் அரியும்போது பல்லை 10 பாகைக்குத் தீட்டுங்கள். 30 பாகைப் பல் நாரோடு ஓடி வரிவரியாக விடும், 10 பாகையில் பலகை முகம் வழுவழுப்பாக வரும். ஒரு பலகைக்குப் பத்து நிமிடம் முழு அக்சிலேற்றரில் மெசின் கத்துவதால், குறுக்கே அறுப்பதற்கு வைக்கிற செட்டிங்கை விடப் பெற்றோலைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.


நெடுங்கேணியான்

சோதித்துவிட்டேன். 300க்கு ஊதினால் அரை நிமிடத்தில் 100க்கு வந்துவிடுகிறது. நுரை இரண்டு இடத்தில் குமிழி விட்டது: இன்டேக் றபரின் கிளாம்புக்கு அடியில், பிறகு கிளச் பக்கத்துச் சீலில். கிட் போடும்போது அந்தக் கிளாம்பை நான்தான் சரிந்தபடி இறுக்கியிருக்கிறேன். சீல் பழையது, மாற்றவே இல்லை.

சிலிண்டரையும் கழற்றினேன். பிஸ்டனில் புகை வாசல் பக்கம் நெடுக்குக் கீறல், விரல் நகம் மாட்டுகிற அளவு. ரிங் ஒரு இடத்தில் அசையவில்லை. சிலிண்டர் சுவரில் வெள்ளி நிறமாக அலுமினியம் ஒட்டியிருக்கிறது. எறிய வேண்டியதுதானா?


மாங்குளம் கராஜ்

சிலிண்டரை அவசரப்பட்டு எறியாதீர்கள். சுவரில் ஒட்டியிருப்பது பிஸ்டனின் அலுமினியம். சுவரின் பூச்சு நிக்கல், அதற்குள் சிலிக்கன் கார்பைட் துகள். அது மிகக் கடினம், ஒட்டியதை எடுத்தால் அடியில் பூச்சு அப்படியே இருக்கலாம். நாங்கள் மியூரியாட்டிக் (ஹைட்ரோகுளோரிக்) அமிலத்தைப் பஞ்சில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் வைப்போம். நுரைத்து அலுமினியத்தைக் கரைக்கும். புகை வாசலின் வெறும் அலுமினியத்தில் பட விடக்கூடாது, அதையும் தின்றுவிடும். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி. பிறகு நிறையத் தண்ணீரில் கழுவி, சாம்பல் நிறச் சுரண்டுபஞ்சால் குறுக்கு மறுக்காகத் தேய்த்துவிட்டு விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு ஓட்டலாம். பூச்சே உரிந்திருந்தால்தான் சிலிண்டர் குப்பை.

இனித்தான் உண்மையான வேலை. நீங்கள் மெசினை வேகமாக்க விரும்பினீர்கள், அதில் பிழை இல்லை. எனக்கும் அது விருப்பமான வேலைதான். நல்ல மெசின் ஒன்றை இன்னும் நல்லதாக்குவதில் இருக்கிற சந்தோசம் எனக்கு வேறெதிலும் இல்லை. ஆனால் வன்னி மரத்துக்கு நாம் கூட்ட வேண்டியது இழுவை, சுற்று இல்லை. அந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தானாக விளங்கும்.

இணையத்தில் வரும் மலிவுக் கிட்களில் வாசல் விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும். ரிங் அதில் போய் வந்து போய் வந்து ஒரு நாள் கொழுவி உடையும். மெல்லிய வைர அரத்தாலோ நுண் உப்புத்தாளாலோ எல்லா வாசல் விளிம்பையும் லேசாகச் சரித்துவிடுங்கள். இது பவருக்காக இல்லை, ஆயுளுக்காக. கிட்டோடு வரும் பிஸ்டன் ஊசிப் பூட்டுகளையும் நம்பாதீர்கள், நல்லதாக இரண்டு வாங்கிப் போடுங்கள்.

புகை வாசலின் மேல் விளிம்பில் கை வைக்க வேண்டாம். அதை உயர்த்தினால் சுற்றுக் கூடும், கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். போட்டிக்கு ஓட்டுகிறவர்கள் உயர்த்தட்டும். 24 அங்குலத்தைப் பாலைக்குள் புதைத்து அறுக்கிற எங்களுக்கு அது எதிரி.

நெருக்கத்தை, அதாவது கம்பிரஷனைக் கூட்டுங்கள், இழுவை அங்கேதான் இருக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது தலைக்கும் சிலிண்டர் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டும். மெல்லிய ஈயக் கம்பித் துண்டுகளைப் பிஸ்டன் ஊசி இருக்கும் இரண்டு பக்கத்திலும் பிஸ்டன் தலையில் கிரீஸால் ஒட்டி, சிலிண்டரைப் பூட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றி, நசிந்த கம்பியை வேர்னியரில் அளவுங்கள். எவ்வளவு வருகிறது என்று சொல்லுங்கள்.


நெடுங்கேணியான்

அமிலம் வேலை செய்தது. நகம் மாட்டவில்லை. சீல் இரண்டும் பேரிங்கோடு மாற்றியாகிவிட்டது, இன்டேக் றபரும் புதுசு. ஈயக் கம்பி இரண்டு பக்கமும் 0.95 மில்லிமீற்றர். சிலிண்டருக்கு அடியில் வைக்கும் பெக்கிங் 0.5. அப்படியானால் பெக்கிங்கை எடுத்துவிட்டு சிலிக்கன் பூசிவிடலாமா?


மாங்குளம் கராஜ்

பெக்கிங் இல்லாமல் 0.45 வரும். நான் 0.5க்குக் கீழே போக மாட்டேன், அதுவும் இந்த வெயிலில் 92 பெற்றோலில் ஓடுகிற மெசினுக்கு. நடுவழி ஒன்று இருக்கிறது. குளிர்பான அலுமினிய டின்னின் சுவர் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீற்றர். அதில் பழைய பெக்கிங்கை வைத்துக் கோடு கீறி வெட்டி, இரண்டு பக்கமும் பெற்றோல் தாங்கும் ஒட்டுப்பசையை மெல்லிய படலமாகப் பூசிப் பூட்டுங்கள். 0.55 வரும். பூட்டிய பிறகு மறுபடி பிரஷர் சோதனை. அதில் முள் அசையாமல் நிற்க வேண்டும், நின்ற பிறகுதான் பெற்றோல் ஊற்ற வேண்டும்.

சைலன்சர் வாய் எவ்வளவு வெட்டினீர்கள் என்று தெரியவில்லை. எல்லாத் துளையும் சேர்த்துப் புகை வாசலின் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் வெட்டினால் சத்தம் கூடும், வேறு ஒன்றும் கூடாது. புகை உங்கள் கைக்கோ மெசினின் பிளாஸ்டிக்குக்கோ அடிக்காமல் திருப்பி விடுங்கள்.


ஒட்டுசுட்டான் பெடியன்

அண்ணை, சைலன்சரில் இருக்கும் கம்பி வலையைக் கழற்றிவிட்டால் நல்லாக மூச்சு விடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கழற்றலாமா?


மல்லாவி மரக்காலை

கழற்ற வேண்டாம் தம்பி. அந்த வலை நெருப்புப் பொறியைப் பிடிக்கிறதற்குத்தான் இருக்கிறது. ஆடி ஆவணியில் சோளகம் அடிக்கும்போது எங்கள் காட்டுக் கரை எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பொறி போதும். வலையில் கரி அடைத்தால் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து மறுபடி பூட்டுங்கள். மூச்சு விடாமல் இருப்பது பெரும்பாலும் அந்தக் கரியால்தான்.

இங்கே மெசினைப் பற்றிக் கதைப்பவர்களுக்குப் பொதுவாக ஒன்று. செயின்சோ வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2019இல் அறிவித்தார்கள். உங்களுடையது பதிந்திருந்தால், சிலிண்டர் மாற்றுங்கள், பிஸ்டன் மாற்றுங்கள், ஆனால் இலக்கம் பொறித்த கிராங்க் கேஸை மாற்றி இலக்கமில்லாத போலியைப் போடாதீர்கள். வழியில் மறித்தால் விளக்க முடியாது. மரத்துக்கும் அப்படித்தான். பாலையும் முதிரையும் பனையும் வெட்டவும் ஏற்றவும் அனுமதித் துண்டு கையில் இருக்க வேண்டும். பச்சைப் பாலையை, அனுமதி கிடைத்தாலும், வெட்ட எனக்கு மனம் வருவதில்லை. பழக் காலத்தில் அதன் கீழே பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.


கனகராயன்குளத்து ஐயா

நான் வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுதக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெற்றோல் செட்டிங் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பெற்றோல் மருந்து மாதிரி. மோட்டார் சைக்கிள், நீர் இறைக்கும் மெசின் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றரில் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்போதுதான் காது பழகியது. எந்தச் சத்தத்தில் இயந்திரம் பசியோடு ஓடுகிறது, எதில் வயிறு நிறைந்து ஓடுகிறது என்று மானி இல்லாமல் சொல்லப் பழகினோம். 2022இல் பெற்றோல் வரிசை நின்றபோது சில பெடியள் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் செயின்சோவிலும் மண்ணெண்ணெய் கலந்தார்கள். அது பிழை. அந்த நாளைய மெசின்கள் நெருக்கம் குறைந்தவை, தாங்கின. நெருக்கம் கூட்டிய செயின்சோ மண்ணெண்ணெயில் உள்ளே தட்டித் தட்டிப் பிஸ்டன் தலையையே தின்னும்.

செட்டிங்குக்கு வருகிறேன். சைலன்சர் வாயைத் திறந்த உடனே, காபரேற்றரில் உயர் சுற்றுக்குப் பெற்றோல் விடும் எச் திருகைக் கொஞ்சம் திறந்து பெற்றோலைக் கூட்ட வேண்டும். தம்பி அதைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன். அவர் முதல் பதிவில் சொன்ன கரைச்சலில் இதற்கும் பங்கு இருக்கிறது. மெசினை வடிவாகச் சூடாக்கி, மரத்தில் வைக்காமல் முழு அக்சிலேற்றரை இரண்டு விநாடி மட்டும் பிடியுங்கள். சத்தம் கொஞ்சம் திக்கித் திக்கி, கரகரத்து வர வேண்டும். மரத்தில் வைத்துப் பாரம் ஏறியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சுத்தமாக இழுக்க வேண்டும். மரத்தை விட்டு எடுத்ததும் மறுபடி கரகரக்க வேண்டும். வெளியில் பிடிக்கும்போதே சுத்தமாகக் கீச்சிட்டால் பெற்றோல் போதாது, உடனே விடுங்கள். சில மெசின்களின் கொயில் குறித்த ஒரு சுற்று வேகத்துக்கு மேல் தானே மறிக்கும், அந்தத் திக்கலும் இதே மாதிரிக் கேட்கும். காதுக்குச் சந்தேகம் என்றால் சுற்றுமானி ஒன்று வாங்குங்கள். 372க்குக் கம்பனி சொல்வது 13,500. கிட் போட்ட மெசினை எங்கள் வெயிலில் நான் 12,800க்கு மேல் விட மாட்டேன்.

எப்போது செட் பண்ணுகிறோம் என்பதும் முக்கியம். சித்திரை மத்தியானத்தில் செட் பண்ணிய மெசினை மார்கழி விடியலில் அப்படியே எடுத்துப் போனால், குளிர்ந்த காற்று அடர்த்தியானது, பெற்றோல் போதாமல் போகும். மாரி தொடங்கும்போது ஒருக்கா, கோடை தொடங்கும்போது ஒருக்கா பாருங்கள். ஒயிலைக் கூட்டினாலும் மறுபடி செட் பண்ண வேண்டும். லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் போட்டவர் 40 போட்டால் ஒயில் கூடியதால் பெற்றோல் குறைகிறது. நான் நல்ல ஒயில் 25 போடுவேன். முச்சக்கர வண்டிக்கு விற்கும் மலிவு ஒயிலை இதற்கு ஊற்ற வேண்டாம்.

செயினுக்கு வடித்த பழைய என்ஜின் ஒயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இரும்புப் பொடி இருக்கிறது, பம்பைத் தேய்க்கும். முகத்திலும் கையிலும் அதுதான் தெறிக்கிறது, தோலுக்கு மிகவும் கெடுதி. முதிரை அரிகிறவர்கள் வாயும் மூக்கும் கட்டாமல் நிற்க வேண்டாம். அந்தத் தூள் தோலில் பட்டால் சிலருக்குக் கிழமைக் கணக்கில் தடித்து அரிக்கும்.


நெடுங்கேணியான்

ஐயா, எச் திருகை நான் தொடவே இல்லை. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

இன்று காலை ஓட்டினேன். டின் தகட்டுப் பெக்கிங் போட்டு 0.55 வந்தது. பிரஷர் 300இல் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றது. கம்பிரஷன் 165 பிஎஸ்ஐ. ஐடில் இப்போது ஒரே சீர். எச் திருகை இருந்த இடத்திலிருந்து இன்னும் முக்கால் சுற்றுத் திறந்து தொடங்கி, ஐயா சொன்ன கரகரப்பு வரும்வரை மெல்ல மூடினேன். சுற்றுமானி 12,700 காட்டுகிறது. முதல் மூன்று தாங்கி பெற்றோலைச் சின்ன வேப்பங் குற்றிகளில், இடையிடையே ஆறவிட்டு முடித்தேன். பாரையும் 20 அங்குலத்துக்குக் குறைத்துவிட்டேன்.

பிறகு அந்தப் பாலைக்குப் போனேன். அரைக் கூர்ச் செயின், ஆழக்கட்டையில் கை வைக்காதது. கோடாரியால் சுற்றிவரச் செதுக்கிப் பார்த்தேன், கறை இல்லை. நின்ற இடத்திலிருந்தே தொடங்கினேன். அழுத்தவில்லை, மெசினின் பாரத்திலேயே இறங்கியது. தூள் வரவில்லை, சீவல் வந்தது. குற்றி இரண்டாகியும் செயின் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. 52 கிட்டுக்கு வைத்திருந்த காசில் நல்ல செயின் இரண்டும், தலைக்கவசமும் காதுமூடியும் சேர்ந்த ஒன்றும் எடுத்தேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இந்தச் செயின் ஒரெகன், மூன்றெட்டு. கடைக்காரர் 5.2 அரம் தந்தார். சரியா?


மல்லாவி மரக்காலை

ஒரெகன் மூன்றெட்டுக்கு 5.5 தம்பி. 5.2 ஸ்டில் மூன்றெட்டுக்கு. மெல்லிய அரத்தால் தீட்டினால் பல்லின் கொக்கி ஆழமாகிப் பாலையில் முனை கெதியாக உடையும், நாளைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். வலப் பல்லும் இடப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்று வேர்னியரில் பாருங்கள். ஒரு பக்கம் குட்டையானால் அறுவை வளைந்து போகும், நீங்கள் பாரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். செயின் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டுங்கள், ஓரத்தில் எழும்பியிருக்கும் பிசிரைத் தட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள். அந்தக் குற்றியைப் பலகையாக்குவதென்றால் இன்னும் காய விடாமல் இந்தக் கிழமைக்குள் கொண்டுவாருங்கள், பாலை காய்ந்தால் வெடிக்கும்.